எலும்பு கூடியது, ஜவ்வு ஏன் ஆறவில்லை?

கேள்வி: கை எலும்பு முறிந்த என் மகனுக்கு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. முழங்கால் ஜவ்வு கிழிந்த எனக்கு மாதக்கணக்காகியும் ஆறவில்லையே, ஏன்?
- ஒரு வாசகி, தேனி

பதில்: எலும்பு, குருத்தெலும்பு, தசைநார், கொழுப்பு, ஏன், ரத்தமும்கூட இணைப்புத் திசு என்ற ஒரே குடும்பம்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் ரத்த ஓட்டம் ஒன்றுபோல் இல்லை. எலும்புக்குள் ரத்தக் குழாய்கள் நிறைய. முறிவைச் சரிசெய்யும் செல்கள் சீக்கிரம் வந்து சேரும். தசைநாரோ முறுக்கிய கயிறுபோல் கொலாஜன் இழைகள் நெருக்கமாக அமைந்தது; ரத்தம் குறைவு. மூட்டுக் குருத்தெலும்பில் ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வருவதுதான் அதற்கு முக்கிய உணவு. முழங்காலின் பிறை வடிவ ஜவ்விலும் வெளி ஓரத்துக்கு மட்டுமே நல்ல ரத்த ஓட்டம். எனவே கிழிசல் எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று அவர் சொல்வார். அதுவரை எண்ணெய் போட்டு நீவிவிட யாரிடமும் போகாதீர்கள்.