தன்னைக் கொல்பவர் யார்?

ஈசாவாஸ்ய உபநிஷதத்தின் மூன்றாவது மந்திரம் அடுத்த வாரப் பாடம் என்று அறிவித்த மாலையில், ஒரு தம்பதியர் என்னிடம் வந்து, "அந்த வகுப்புக்கு மட்டும் நாங்கள் வராமலிருக்கலாமா, சுவாமிஜி?" என்று கேட்டனர். அவர்களது மகன் கல்லூரி மாணவன். முந்தைய ஆண்டு தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெரியவர் இம்மந்திரத்தைச் சுட்டிக்காட்டி, அவன் சென்ற உலகில் ஒளியே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனாராம். "அவன் இருட்டிலா இருக்கிறான்?" என்றார் தாய். தகப்பனார் தலைநிமிரவில்லை.

இம்மந்திரம் 'ஆத்மஹன:' என்னும் சொல்லை ஆள்கிறது. நேர்ப்பொருள், தன்னைக் கொல்பவர்கள். அத்தகையோர் இருள் சூழ்ந்த உலகங்களை அடைவர் என்பது மந்திரத்தின் கருத்து. மொழிபெயர்ப்பாளர்களாகிய நாங்கள் சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வாசகர் தற்கொலை என்று பொருள் கொள்கிறார். எங்கள் பிழையும் இதில் உண்டு.

ஆதிசங்கரரின் பாஷ்யத்தைப் பார்த்தால் பொருள் வேறு. ஆத்மா என்றும் உள்ளது. மூப்போ மரணமோ அதற்கில்லை. அதனை அவித்யையால் மறைத்து, இல்லாதது போலாக்கிவிடுவதே ஆத்மாவைக் கொல்வது. எனவே ஆத்மஞானம் பெறாத சாதாரண மக்கள் அனைவருமே ஆத்மஹனர் என்கிறார் ஆசாரியர். உலகங்கள் என்பதற்கும் வினைப்பயனை அனுபவிக்கும் பிறவிகள் என்றே பொருள் சொல்கிறார். தேவப் பிறவியும் அதில் அடக்கம். இருள் என்பது அறியாமை. அப்படியானால், மந்திரத்தைச் சொல்லிக் காட்டிய அந்தப் பெரியவரும், பாடம் நடத்தும் நானும் அதே பட்டியலில்தான் இருக்கிறோம்.

தர்மசாஸ்திரங்கள் இச்செயலைக் கண்டிக்கின்றன, அதை மறைப்பதற்கில்லை. இவ்வாறு இறந்தோருக்கு நீர்க்கடன் இல்லை என்கிறது மனுஸ்மிருதி. ஆயினும் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு மிதாக்ஷரா என்னும் உரை வகுத்த விஞ்ஞானேச்வரர், ஓராண்டு கழித்து நாராயண பலி செய்து, பிறகு சிராத்தம் முதலியவற்றைச் செய்யலாம் என்று வழி காட்டுகிறார். சாஸ்திரம் கதவை அடைத்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. இதைக் குற்றமாகவன்றி வேதனையாகக் காணும் பார்வை அது.

ஆத்மா அழிவற்றது, ஆகவே அழாதீர்கள் என்று கீதையைக் காட்டுவோரும் உண்டு. அந்த உபதேசம் போர்க்களத்தில் செயலிழந்து நின்ற வீரனுக்குக் கூறப்பட்டது. பிள்ளையை இழந்து ஒரு மாதமான தாயின் வாயை அடைக்க அதைப் பயன்படுத்துவது முறையன்று.

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் வசிஷ்டரின் கதை வருகிறது. நூறு புதல்வரையும் பறிகொடுத்த அந்தப் பிரம்மரிஷி, துக்கம் தாளாமல் தாமே உயிர்விடத் துணிந்தார். மலையும் நெருப்பும் கடலும் அவரை ஏற்கவில்லை. ஒரு நதி அவரது கட்டுகளை அவிழ்த்துக் கரை சேர்த்தது; கட்டை அவிழ்த்ததால் அதற்கு விபாசா என்று பெயர். இமாசலத்திலும் பஞ்சாபிலும் இன்று பியாஸ் என ஓடுவது அதுவே. ஞானிகளில் தலையாயவரையே புத்திரசோகம் அந்த எல்லை வரை கொண்டுசென்றது என்பதை வியாசர் மறைக்கவில்லை. அவரை எவரும் பாவி என்றதுமில்லை.

இறுதியில், பின்னால் வந்துகொண்டிருந்த மருமகள் அத்ருச்யந்தியின் கருவிலிருந்து வேதம் ஓதும் குரல் கேட்டு அவர் திரும்புகிறார். எல்லாப் பெற்றோருக்கும் அப்படியொரு குரல் வாய்ப்பதில்லை. ஆயினும் பின்னால் யாரோ நடந்து வர வேண்டியிருக்கிறது. உறவினரும் சத்சங்க அன்பர்களும், ஏன் செய்தான், நீங்கள் கவனிக்கவில்லையா என்னும் கேள்விகளை விட்டுவிட்டு, பதின்மூன்று நாட்களுக்குப் பிறகும் அந்த வீட்டுக்குப் போய்வரலாம். பெற்றோருக்கே வாழ்வில் பிடிப்பற்றுப் போனால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் தயக்கம் கூடாது. 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் பேசலாம்.

அவ்விருவரும் மறுவாரம் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தனர். பாடம் முடிந்ததும் அந்த அம்மா என் எதிரே வந்து அமர்ந்து, மகனின் பெயரைச் சொல்லி, அவன் முதன்முதலில் பள்ளிக்குச் சென்ற நாளிலிருந்து தொடங்கினார். விளக்கு வைக்கும் நேரம் கடந்துவிட்டது, நான் எழுந்திருக்கவில்லை.