சொற்கள் சொன்ன சாட்சி



ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ரோமா என்னும் மக்கள் வாழ்கின்றனர். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தவறாக எண்ணியே ஆங்கிலேயர் இவர்களை ‘ஜிப்சி’ என்றனர். இவர்களுடைய முன்னோர் தம் பயணத்தைப் பற்றி ஏடு எதுவும் எழுதி வைக்கவில்லை. அப்படியானால் இவர்களின் பூர்வீகத்தை எவ்வாறு அறிவது? இவர்கள் பேசும் ரோமானி மொழியையே கேட்டுப் பார்ப்போம்.

ஜெர்மானிய அறிஞர் ரூடிகர் அவ்வாறே செய்து, 1782-ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டார். ரோமா பெண் ஒருத்தியிடம் சில வாக்கியங்களை அவளுடைய மொழியில் சொல்லச் சொல்லி, அவற்றை இந்துஸ்தானியோடு ஒப்பிட்டார். அதற்கு உதவிய இலக்கண நூலை எழுதியவர், நம் தரங்கம்பாடியிலும் சென்னையிலும் தொண்டாற்றிய லுத்தரன் மிஷனரி பெஞ்சமின் ஷுல்ட்சே என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ!

இனிச் சொற்களைக் காண்போம். ரோமானியில் தண்ணீர் ‘பானி’, மூக்கு ‘நாக்’, காது ‘கான்’. இந்தி அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை. மனிதன் ‘மனுஷ்’, நெருப்பு ‘யாக்’, கை ‘வஸ்த்’, உப்பு ‘லோன்’. இவற்றில் வடமொழியின் மனுஷன், அக்கினி, ஹஸ்தம், லவணம் ஆகியவை ஒலிக்கக் கேட்கிறோம். சமஸ்கிருதத்தோடு உறவுடைய இந்தி, மராத்தி, பஞ்சாபி முதலிய மொழிகளை இந்தோ-ஆரிய மொழிகள் என்பர். ரோமானியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

எண்களோ வந்த வழியையும் காட்டுகின்றன. யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ் என ஆறு வரை இந்தியச் சொற்கள். ஏழு, எட்டு, ஒன்பதுக்குரிய எஃப்தா, ஒக்தோ, எனியா ஆகியவை கிரேக்கச் சொற்கள். பத்து மீண்டும் இந்தியச் சொல்லாகிய ‘தேஷ்’. சாலையைக் குறிக்கும் ‘த்ரோம்’ என்பதும் கிரேக்கமே. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுச் சென்றவர்கள், கிரேக்க மொழி வழங்கிய நாடுகளில் நெடுங்காலம் தங்கினர் என்பதை இதனால் உணர்கிறோம்.

சென்ற இடமெல்லாம் இம்மக்கள் இகழப்பட்டனர். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் இவர்களை இலட்சக்கணக்கில் கொன்று குவித்தனர். 1971-இல் லண்டனுக்கு அருகே கூடிய முதல் உலக ரோமா மாநாடு, பிறர் இட்ட பெயர்களை ஒதுக்கி, ‘ரோமா’ என்னும் சொந்தப் பெயரையே ஏற்றது.

அன்னையர் தம் மக்களுக்குச் சொல்லித் தந்த பானியும் லோனும் ஆயிரம் ஆண்டுகள் அழியாமல் நின்று அவர்களுக்காகச் சாட்சி சொல்லின. ஆகவே தோழியரே, யாரையும் ஊரார் சூட்டிய பெயரால் எடை போடாமல், அவர்கள் சொல்வதைக் கேட்டு அறிவோமாக.