மேலிருந்து அளக்கும் ரேடார்: டேங்க் மட்டம் பார்க்கப் பழகுவோருக்கு

கடையத்துக்கு மேற்கே ராமநதி அணையின் முழு உயரம் 84 அடி, பக்கத்தில் கடனாநதிக்கு 85 அடி. மழைக்காலம் வந்தால் காலைப் பேப்பரில் நம் ஊர்க்காரர்கள் முதலில் தேடுவது இந்த நீர்மட்டக் கணக்கைத்தான். அது கீழிருந்து மேலே ஏறும் கணக்கு. தூத்துக்குடி ஆலைகளிலோ வளைகுடாவிலோ இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்குப் போகும் நம் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகள் கையில் எடுக்கும் ரேடார் லெவல் டிரான்ஸ்மிட்டர் இதற்கு நேர்மாறு. டேங்கின் உச்சியில் உட்கார்ந்து, கீழே திரவம் வரை எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்று அது அளக்கும். இந்த வேலையில் வரும் மற்ற சொற்களெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதல் வேலை டேப் பிடிப்பது. டிரான்ஸ்மிட்டரின் ஃபிளாஞ்ச் முகத்திலிருந்து டேங்கின் அடி வரை உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். இதுதான் எம்டி அளவு. டிராயிங்கைப் பார்த்து அந்த எண்ணை அடிக்காதீர்கள். டிரான்ஸ்மிட்டர் உட்காரும் நாசிலின் உயரம் டிராயிங்குக்கும் தளத்துக்கும் அடிக்கடி மாறும், அந்த வித்தியாசம் அப்படியே மட்டத்தில் ஏறிவிடும். எம்டி அளவு 5 மீட்டர், ரேடார் காட்டும் தூரம் 1.8 மீட்டர் என்றால் மட்டம் 3.2 மீட்டர். 0 முதல் 4 மீட்டர் வரை ஸ்பான் வைத்திருந்தால் இது 80 சதவீதம். கன்ட்ரோல் ரூமுக்கு 16.8 மில்லி ஆம்பியர் போக வேண்டும். 4 என்றால் காலி, 20 என்றால் முழுசு. மீட்டரை வைத்து இதைச் சரிபார்த்த பிறகே அடுத்த வேலை.

அடுத்து பீம் கோணம். 80 மில்லிமீட்டர் ஆன்டெனாவில் 26 கிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 10 டிகிரி விரியும். 80 கிகாஹெர்ட்ஸ் சுமார் 3 டிகிரிதான். 10 மீட்டர் ஆழத்தில் முதலாவது ஒன்றே முக்கால் மீட்டர் அகலத்துக்குப் படரும், இரண்டாவது சுமார் அரை மீட்டரோடு நிற்கும். ஏணி, கலக்கி, ஹீட்டிங் காயில் உள்ள ஒடுங்கிய டேங்குக்கு 80 கிகாஹெர்ட்ஸே என் தேர்வு. எதுவானாலும் திரவம் விழும் குழாய்க்கு நேர் மேலே வைக்காதீர்கள். குவிந்த கூரையின் நடு மையமும் ஆகாது. எதிரொலிகள் (எக்கோ) அங்கே குவிந்து குழப்பும்.

டைஎலக்ட்ரிக் மதிப்பு, அலையைத் திரவம் எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதைச் சொல்கிறது. தண்ணீருக்கு ஏறக்குறைய 80, எக்கோ பளிச்சென்று வரும். டீசலுக்கு 2 அளவில்தான். அலையின் பெரும்பகுதி உள்ளே புகுந்து அடித்தகட்டில் பட்டுத் திரும்பும். அலை எண்ணெய்க்குள் மெதுவாகப் போவதால் அந்த அடித்தகடு இருக்குமிடத்துக்கும் கீழே இருப்பதுபோல் கருவியின் எக்கோ கர்வில் தெரியும். டேங்க் காலியாகும் நேரத்தில் இந்த எக்கோவை மட்டம் என்று நம்பிவிடக் கூடாது.

ஏணிப்படியும் வெல்டிங் முனையும் தரும் பொய் எக்கோவை மறைக்க மேப்பிங் செய்வார்கள். டேங்க் காலியாக இருக்கும்போது செய்வதே சிறப்பு. திரவம் இருந்தால் அதன் பரப்புக்குக் கொஞ்சம் மேலேயே மேப்பிங்கை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் உண்மையான மட்டத்தையே கருவி மறந்துவிடும்.

கடைசியாக டெட் பேண்ட். ஆன்டெனாவை ஒட்டிய சிறு தூரத்தை ரேடார் நம்பகமாக அளக்காது. 100 சதவீதம் என்று நீங்கள் வைக்கும் இடம் அதற்குக் கீழேயே இருக்கட்டும். மட்டமானியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாடம் உண்டு. 2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் மட்டமானி ஒரே அளவில் நின்றுவிட்டது. தனியாக இருந்த உயர்மட்ட சுவிட்சும் வேலை செய்யவில்லை. பெட்ரோல் வழிந்து பெரும் வெடிப்பானது. அங்கிருந்தது வேறு வகைக் கருவிதான் என்றாலும் எச்சரிக்கை ரேடாருக்கும் பொருந்தும். டேங்க் நிரம்பும்போது மில்லி ஆம்பியர் அசையாமல் நின்றால் உடனே பம்பை நிறுத்துங்கள். உயர்மட்ட சுவிட்சுக்குத் தனி ஒயர் இழுத்து, டிரிப் ஆகிறதா என்று சோதித்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.