நிலநடுக்கோட்டு நகரில் தனிப்பயணி

தென்னமெரிக்கக் கண்டத்தின் மேலைக் கரையை ஒட்டி, வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது ஆண்டிஸ் மலைத்தொடர். அத்தொடரின் இடையே, பிச்சின்சா என்னும் எரிமலையின் கீழைச் சரிவில், நீண்டு ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது கீட்டோ நகரம். இஃது ஈக்வடார் நாட்டின் தலைநகர். ஈக்வடார் என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு நிலநடுக்கோடு என்பதே பொருள். கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அக்கோட்டிற்கு மிக அண்மையில் இருந்தும் இந்நகரில் கடும் வெம்மை இல்லை. ஒரே பகலில் இளவேனிலும் காரும் கூதிரும் வந்து போவதுண்டு.

துணையின்றி இங்கு வருபவரை முதலில் தடுத்து நிறுத்துவது மாட மாளிகையன்று, அவருடைய மூச்சே. வானூர்தி நிலையம் 2013-ஆம் ஆண்டு முதல் நகருக்குக் கிழக்கே, சற்றுத் தாழ்ந்த மேட்டுநிலத்தில் இயங்கி வருகிறது. அங்கு இறங்கியவர் வளைந்து மேலேறும் சாலை வழியாக நகரை அடைகிறார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிப் படிகளில் ஏறுகையில், பத்தாம் படியிலேயே நெஞ்சு படபடக்க நின்றுவிடுகிறார். கடற்கரையில் உள்ள காற்றழுத்தத்தில் பத்தில் ஏழு பங்கே இங்கு உண்டு. ஆதலின் ஒவ்வொரு மூச்சிலும் உடல் பெறும் உயிர்வளி குறைகிறது. தண்ணீரும் 100 பாகை வெப்பத்தை எட்டாமல், ஏறத்தாழ 90 பாகையிலேயே கொதித்துவிடும். இரவில் தலை வலிக்கும். உறக்கம் அடிக்கடி கலையும். கூட்டமாக வந்தவர்க்கு, "உமக்கும் இப்படித்தானா?" என்று கேட்டுத் தேற ஆளுண்டு. தனியே வந்தவரோ தம் நெஞ்சின் துடிப்பைத் தாமே எண்ணிக்கொண்டு படுத்திருப்பார். அச்சம் பெருகுவதற்கு இருளும் தனிமையும் போதும். தண்ணீர் நிறையப் பருகி, உணவைக் குறைத்து, மெல்ல நடப்பவர்க்கு இத்துன்பம் பெரும்பாலும் இரண்டொரு நாளில் நீங்கும். அமர்ந்திருக்கும்போதும் மூச்சு முட்டுமாயின், காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும். வந்த அன்றே கம்பிவட ஊர்தியில் ஏறி, 3,900 மீட்டருக்கும் மேலே பிச்சின்சாச் சரிவைக் காணச் செல்வோரும் உளர். அது வீரமன்று, அவசரம்.

அடுத்த நாள் பழைய நகரைக் காணலாம். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஓடத் தொடங்கிய நிலத்தடி இரயில், பயணியைச் சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஸ்பானியர் 1534-இல் இந்நகரை நிறுவுமுன், இங்கே இன்கா மக்களின் நகர் இருந்தது. பகைவர் கையில் அது சிக்கலாகாது என்று கருதிய ரூமிஞாவி என்னும் இன்காப் படைத்தலைவர், அதனைத் தாமே எரித்துவிட்டுப் பின்வாங்கினார். அந்தச் சாம்பலின்மேல் எழுந்ததே இன்று காணும் பழைய நகர். யுனெஸ்கோ 1978-இல் உலக மரபிடங்கள் என முதன்முதல் அறிவித்த 12 இடங்களுள் இதுவும் ஒன்று.

இங்குத் தெருக்கள் செங்குத்தானவை. பயணி ஒவ்வொரு முனையிலும் மூச்சு வாங்க நிற்கிறார். நிற்பதனாலேயே பலவற்றைப் பார்க்கிறார். வெண்சுவர்களில் மரப்பலகணிகளும், அவற்றில் பூந்தொட்டிகளும், வாயிற்படியில் கூடையுடன் அமர்ந்து பழம் விற்கும் மூதாட்டியும் அவர் கண்ணில் படுகின்றனர். சதுக்கத்திற்கு அருகே இயேசு சபையாரின் கோவில் இருக்கிறது. 1605-இல் தொடங்கிய அதன் திருப்பணி நிறைவுற 160 ஆண்டுகள் சென்றன. உள்ளே தூண், வளைவு, பீடம் ஆகிய எல்லாவற்றிலும் பொற்றகடு வேய்ந்திருக்கின்றனர். பொன்னைக் கண்டு வியப்பவர், அதனை ஒட்டிய கைகளையும் எண்ணிப்பார்ப்பது நன்று. கீட்டோவின் கோவில்களை அழகு செய்தவர்களுள் அம்மண்ணின் பழங்குடிக் கைவினைஞர் பலர். 18-ஆம் நூற்றாண்டில் காஸ்பிகாரா என்று பெயர் பெற்ற சிற்பியும் அக்குடியினரே. அவர் செதுக்கிய மரவுருவங்களில் தசையின் நெகிழ்ச்சியும் நரம்பின் ஓட்டமும் உயிருள்ளவை போலத் தோன்றும்.

நண்பகலில் சிற்றுணவகம் ஒன்றில் லோக்ரோ என்னும் உருளைக்கிழங்குக் கஞ்சி கிடைக்கும். பாலாடைக்கட்டியும் வெண்ணெய்ப்பழமும் இட்டுத் தருவர். நம் அடுக்களையில் குடியேறிவிட்ட உருளைக்கிழங்கு, ஆண்டிஸ் மலைமக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பேணி வளர்த்த பயிரேயாகும். தனியே உண்பவரைக் கடந்து செல்லும் அயலார், உணவு நன்மை பயப்பதாகுக என்னும் பொருள்பட, "புவென் ப்ரோவேச்சோ" என்று கூறிச் செல்வர். முதல் நாள் இரவு யாருமற்றுக் கிடந்தவர்க்கு அச்சொல்லே ஒரு விருந்து. பனெசியோ குன்றின் உச்சியில், சிறகுடைய கன்னிமரியின் பெருஞ்சிலை ஒன்று நகரை நோக்கி நிற்கிறது. அக்குன்றுக்குப் படிவழியே தனியாக நடந்து செல்லலாகாதென்றும் வழிப்பறி உண்டென்றும் உள்ளூரார் எச்சரிப்பர். வாடகை வண்டியில் சென்று இருட்டுமுன் திரும்புதலே அறிவுடைமை.

மூன்றாம் நாள், நகருக்கு வடக்கே உள்ள நடுக்கோட்டுச் சின்னத்திற்குப் பயணி செல்கிறார். புவி துருவங்களில் தட்டையானதா, நடுவில் ஒடுங்கியதா என்னும் வழக்கு, 18-ஆம் நூற்றாண்டு அறிஞரிடையே கடுமையாக நிகழ்ந்தது. அதனைத் தீர்க்கப் பிரெஞ்சு அறிஞர் குழு ஒன்று 1736-இல் கீட்டோவை அடைந்தது. பூகேர், லா கொண்டமீன் முதலியோர், பத்துப் படிக்கே மூச்சு வாங்கும் இந்நாட்டு மலைகளில் அளவைக் கருவிகளைச் சுமந்து ஏறிப் பல ஆண்டுகள் உழைத்தனர். வடதுருவ வட்டத்தை அடுத்த லாப்லாந்தில் மற்றொரு குழு கண்ட அளவோடு இவர்தம் அளவை ஒப்பிட்டபோது, புவி நடுவில் புடைத்தது என்பது உறுதியாயிற்று.

அங்கே இன்று 30 மீட்டர் உயரமுள்ள கற்கோபுரம் நிற்கிறது. அதனடியில் வரைந்த மஞ்சட் கோட்டின் இருபுறமும் காலூன்றி, இரண்டு அரைக்கோளங்களிலும் நிற்பதாக மக்கள் மகிழ்கின்றனர். ஆயின் செயற்கைக்கோள் வழி அளந்தபோது, உண்மைக் கோடு ஏறத்தாழ 240 மீட்டர் வடக்கே இருப்பது தெரிந்தது. அருகில் வழிகாட்டிகள் சிலர், கோட்டிற்கு இப்பால் ஒரு திசையிலும் அப்பால் மறு திசையிலும் தொட்டிநீர் சுழல்வதாகக் காட்டுவர். கூடியிருப்போர் கைதட்டுவர். சிறு தொட்டியின் நீரைத் திருப்பும் ஆற்றல் புவிச்சுழற்சிக்கு அங்கு இல்லை. தனியே நிற்கும் பயணியின் பார்வை சுழியில் இல்லை. நீரை ஊற்றும் கையில் இருக்கிறது. ஒருமுறை இடப்புறமாகவும் மறுமுறை வலப்புறமாகவும் அது சாய்வதை அவர் கண்டுகொள்கிறார்.

ஆண்டு முழுதும் போலவே, அன்றும் மாலை 6 மணி கடந்த சிறிது நேரத்தில் கதிரவன் பிச்சின்சாவின் பின்னே மறைகிறான். விடுதிக்குத் திரும்பியவர் படிகளில் ஏறி, அறைக்கதவைத் திறந்த பின்னரே, பத்தாம் படியில் தாம் நிற்கவில்லை என்பதை உணர்கிறார்.