ரூபாய் நின்றது, மஞ்சள் கடலேறியது

2020ஆம் ஆண்டில் மண்டபம், வேதாளை, தூத்துக்குடிக் கரைகளில் பிடிபடும் கடத்தல் பொருட்களோடு புதுச் சரக்கு ஒன்று சேர்ந்தது: விரலி மஞ்சள். ஈரோட்டில் மொத்த விலைக்குக் கிலோ நூறு ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்த மஞ்சள், பாக் நீரிணையைத் தாண்டினால் பல ஆயிரம் இலங்கை ரூபாய்க்கு விலைபோனது. சாக்கில் கட்டி, இருட்டில் படகேற்றி, நடுக்கடலில் கைமாற்றினார்கள். குழம்பில் ஒரு சிட்டிகை போடும் பொருளுக்காக இரு கரையிலும் ஆட்கள் கைதானார்கள்.

இலங்கை அப்போது மஞ்சள் இறக்குமதியைத் தடுத்திருந்தது. உள்ளூர் விவசாயியைக் காப்பது ஒரு காரணம், டாலரை மிச்சம் பிடிப்பது இன்னொரு காரணம் என்றார்கள். நாடு நெருக்கடியில் இருக்கும்போது வேறென்ன செய்ய முடியும் என்று நம்மில் பலரும் அதை ஏற்றுக்கொண்டோம். மந்தம் வந்தால் சுங்க வரி ஏறும், நாணயம் விழுந்தால் இறக்குமதிக்குப் பூட்டு விழும் என்பது, மழை வந்தால் குடை விரிப்பதைப் போன்ற இயல்பான காரியமாக நம் பேச்சில் பதிந்துவிட்டது. சென்ற நூறு ஆண்டு வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு பல இடங்களில் உதைக்கிறது.

நம்பிக்கை: பொருளாதாரம் படுத்துவிட்டால் நாடுகள் கதவைச் சாத்தும்.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்த பிறகு உலக வாணிபம் நிலைகுலைந்தது. 2009இல் அதன் அளவு ஏறக்குறைய 12 சதவீதம் சுருங்கியது. அமெரிக்காவில் வேலையின்மை அந்த அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. 1930கள் திரும்பிவிடும் என்று பயந்தவர்கள் பலர். திரும்பவில்லை. சீன டயர்களுக்கு அமெரிக்கா 35 சதவீதக் கூடுதல் வரி போட்டது, சீனப் பொம்மைகளை இந்தியா 2009 ஜனவரியில் தடுத்தது என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தடைகள் வந்ததோடு சரி.

நல்ல காலத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1984இல் அமெரிக்கப் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. மறு ஆண்டே அந்நாட்டு நாடாளுமன்றத்தில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் மசோதாக்கள் குவிந்தன. காரணம் டாலர். வட்டி விகிதம் உச்சத்தில் இருந்ததால் உலகப் பணமெல்லாம் அமெரிக்காவுக்குப் பாய்ந்து, டாலரின் மதிப்பு ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியளவு கூடிவிட்டது. வெளிநாட்டுப் பொருள் மலிவாகி, உள்நாட்டு ஆலைகளில் ஆள்குறைப்பு நடந்தது. அந்தக் கொதிப்பைத் தணிக்க 1985 செப்டம்பர் 22 அன்று ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் கூடி, டாலரை இறக்க உடன்பட்டார்கள். 240 யென் இருந்த டாலர் ஓராண்டில் 155க்கு வந்தது. நாணயம் வலுவாக இருப்பது நாட்டுக்குப் பெருமை என்று நினைப்பவர்கள் இந்த அத்தியாயத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

2018இல் எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி போட்டபோது அமெரிக்க வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்களின் மீதான வரி 50 சதவீதமாகி, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றபோதும் அமெரிக்காவில் மந்தம் ஏதும் இல்லை.

இனி நம் கதை. 1991இல் இந்தியாவிடம் சில வார இறக்குமதிக்கு மட்டுமே டாலர் இருந்தது. தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தோம். மேலே சொன்ன நம்பிக்கைப்படி, அன்று இந்தியா இறக்குமதியை இன்னும் இறுக்கிப் பூட்டியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். ஜூலை 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் 21 ரூபாயிலிருந்து 26 ரூபாயை நெருங்கியது. ஏற்றுமதியாளருக்கு ரூபாய் வழியாகவே ஊக்கம் கிடைத்துவிட்டதால் ரொக்க மானியம் உடனே நிறுத்தப்பட்டது. ஜூலை 4 அன்று, வணிகத் துறைப் பொறுப்பில் இருந்த ப. சிதம்பரம் அறிவித்த கொள்கை, இறக்குமதி உரிமங்களை வெட்டத் தொடங்கியது. அதே மாதப் பட்ஜெட்டில் மன்மோகன் சிங் உச்ச சுங்க வரியை 150 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார். 1995க்குள் அது 50 சதவீதமானது. நெருக்கடியின் உச்சத்தில், நாணயம் விழுந்த அதே வாரத்தில், கதவு திறந்தது. இது தற்செயல் இல்லை. ரூபாய் தன் விலைக்கு வந்துவிட்டால், இறக்குமதியை உரிமம் போட்டுத் தடுக்கும் வேலையை விலையே செய்துவிடுகிறது.

நம்பிக்கை: பெருமந்தத்தின் பீதியில் பிறந்ததுதான் அமெரிக்காவின் ஸ்மூட்-ஹாலி வரிச் சட்டம்.

தேதிகளைப் பார்த்தாலே போதும். அந்த மசோதா கீழ்சபையில் நிறைவேறியது 1929 மே 28. நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது அக்டோபர் கடைசியில். 1920கள் முழுக்க விளைபொருள் விலை விழுந்து தவித்த விவசாயிகளுக்கு 1928 தேர்தலில் கொடுத்த வாக்குறுதிதான் அதன் வித்து. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தும், 1930 ஜூன் 17 அன்று அதிபர் ஹூவர் ஒப்பமிட்டார்.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. அக்காலத்து வரிகள் பெரும்பாலும் சதவீதக் கணக்கில் இல்லை; பவுண்டுக்கு இத்தனை சென்ட், கஜத்துக்கு இத்தனை சென்ட் என்றே இருந்தன. ஒரு டாலர் சரக்குக்கு 30 சென்ட் வரி என்று வையுங்கள். 30 சதவீதம். விலை 60 சென்டுக்கு விழுந்தால் அதே 30 சென்ட் 50 சதவீதமாகிவிடும். 1929க்கும் 1932க்கும் இடையில் விலைகள் சரிந்துகொண்டே இருந்தன. சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறாமல் வரிச்சுமை தானாக ஏறியது. அமெரிக்க வரிச்சுவரின் உயரத்தில் ஒரு பெரும் பங்கு இப்படி விலைச்சரிவு கட்டியது.

நம்பிக்கை: ஒவ்வொரு நாடும் போட்டி போட்டு நாணயத்தை இறக்கியதால்தான் 1930களின் வர்த்தகப் போர் மூண்டது.

பள்ளிப் பாடப்புத்தகம் முதல் தொலைக்காட்சி விவாதம் வரை இதைக் கேட்கலாம். எனக்கும் நீண்ட காலம் இதுதான் தெரியும்.

1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன், நாணயத்தின் மதிப்பைத் தங்கத்தோடு கட்டி வைக்கும் தங்கத் திட்டத்தை விட்டு வெளியேறியது. 4.86 டாலராக இருந்த பவுண்டு, சில மாதங்களில் 3.40க்கும் கீழே போனது. ஸ்காண்டிநேவிய நாடுகள் கூடவே இறங்கின. பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து போன்றவை பழைய தங்க விலையையே பிடித்துக்கொண்டு நின்றன. ஜெர்மனி பெயரளவுக்கு மதிப்பை வைத்துக்கொண்டு, அந்நியச் செலாவணிக்குக் கடும் கட்டுப்பாடு போட்டது. இவற்றில் யார் அதிகம் தடை போட்டார்கள்? பாரி ஐக்கன்கிரீன், டக்ளஸ் இர்வின் என்ற இரு பொருளியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கேள்வியை நாடு நாடாக எடுத்துப் பார்த்தார்கள். நாணயத்தை இறக்கிய நாடுகளைவிட, தங்கத்தை விடாமல் பிடித்த நாடுகளே வரியை அதிகம் ஏற்றின. கோட்டாவும் செலாவணிக் கட்டுப்பாடும் அவற்றில்தான் மிகுந்திருந்தன.

யோசித்தால் இதில் வியப்பில்லை. தங்கத் திட்டத்தில் இருக்கும் நாட்டின் மத்திய வங்கி வட்டியைக் குறைத்தால் தங்கம் வெளியேறிவிடும். நாணயத்தை இறக்கவும் முடியாது. ஆலை மூடுகிறது, வேலை போகிறது, மக்கள் தெருவில் நிற்கிறார்கள், அரசாங்கத்தின் இரண்டு கையும் கட்டிக் கிடக்கின்றன. கைக்கு எட்டும் ஒரே கருவி சுங்கம்தான். பவுண்டு இறங்கிய சில வாரங்களிலேயே பிரான்ஸ் பிரிட்டிஷ் சரக்குகளுக்கு 15 சதவீதக் கூடுதல் வரி போட்டது, பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்குக் கோட்டா வகுத்தது. 1936இல் பிராங்கை இறக்கிய பிறகே அந்தப் பிடி சற்றுத் தளர்ந்தது. 2009இல் பெரும்பாலான நாடுகளின் கை கட்டப்பட்டிருக்கவில்லை. வட்டியைக் குறைக்கலாம், நாணயத்தை அதன் போக்கில் விடலாம். இந்தியாவில் 2008 தொடக்கத்தில் 40 ரூபாயாக இருந்த டாலர் 2009 மார்ச்சில் 50ஐத் தாண்டியது. ரிசர்வ் வங்கி வட்டியை வெட்டிக்கொண்டே வந்தது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு, உலக வர்த்தக அமைப்பின் விதிகள் மட்டுமே உலகைக் காத்தன என்று சொல்வது அரைக் கதைதான்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பவுண்டை இறக்கிய பிரிட்டனும் 1932இல் 10 சதவீதப் பொதுவரி போட்டது. ஒரு நாடு நாணயத்தை இறக்கினால், இறக்காத அண்டை வீட்டுக்கு அது இடிதான். 1931 டிசம்பரில் ஜப்பான் தங்கத்தை விட்டது. ஓராண்டுக்குள் யென், டாலர் கணக்கில் தன் மதிப்பில் பாதிக்கு மேல் இழந்தது. ஜப்பான் துணி இந்தியச் சந்தையில் அடிமாட்டு விலைக்கு வந்து இறங்கியது. லண்டன், ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் விலையில் பவுண்டோடு கட்டி வைத்திருந்தது. இந்திய வணிகர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டும் அவிழ்க்கவில்லை. மிஞ்சிய வழி வரி ஒன்றே. பிரிட்டன் அல்லாத நாடுகளின் பருத்தித் துணிக்கு இருந்த வரி 1932 ஆகஸ்டில் 50 சதவீதமானது, 1933 ஜூனில் 75 சதவீதமானது. ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பஞ்சை வாங்க மாட்டோம் என்று பதிலடி கொடுத்தன. 1934இல் பேரம் பேசி 50க்கு இறக்கினார்கள். இலங்கையில் ஜப்பான் துணிக்குக் கோட்டா போட அரசாங்க சபை மறுத்தது. ஏழைக்குக் கிடைத்த மலிவுத் துணி அது. லண்டன் கேட்கவில்லை, தன் ஆணையாலேயே அதைத் திணித்தது. பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரமும் இந்த வரிச்சுவரும் சேர்ந்த ஆண்டுகளில்தான் கோவையில் நூற்பாலைகள் பெருகின என்பதையும் சொல்ல வேண்டும். காப்பு வரியால் யாருக்குமே நன்மை இல்லை என்று நான் வாதாடவில்லை.

நம்பிக்கை: இறக்குமதியைத் தடுத்தால் டாலர் மிச்சமாகும், நாணயம் காப்பாற்றப்படும்.

2013இல் இந்தியா தங்கத்தில் இதைச் செய்து பார்த்தது. 2012 தொடக்கத்தில் 2 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2013 ஆகஸ்டில் 10 ஆனது. நடப்புக் கணக்குப் பற்றாக்குறை குறையத்தான் செய்தது. ஆனால் ரூபாய் தலை நிமிர்ந்தது, ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக வந்த பிறகு வெளிநாடுவாழ் இந்தியரின் வைப்புத் தொகையாக வந்த டாலர்களால். தங்கக் கடத்தல் விமான நிலையங்களில் மீண்டும் தலையெடுத்தது அந்த வரியின் மிச்சம்.

இலங்கைக்கு வருகிறேன். 2020 மார்ச்சில் கார் இறக்குமதி நின்றது. மஞ்சள், ஓடு, இன்னும் எத்தனையோ பொருட்களுக்குப் பூட்டு. 2021இல் பாமாயில், பிறகு ரசாயன உரம். பட்டியல் நீண்டுகொண்டே போனது, ரூபாயை மட்டும் டாலருக்கு 200 என்ற இடத்தில் பிடித்து வைத்தார்கள். அந்த 200ஐக் காக்கத்தான் இத்தனை பூட்டும்.

கத்தாரில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு 300 டாலர் அனுப்புகிறார் என்று வையுங்கள். வங்கி வழியாகப் போனால் மனைவி கையில் 60,000 ரூபாய். வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரர் டாலருக்கு 240 தருகிறார் என்றால் 72,000. அரிசி விலையும் பால்மா விலையும் ஏறிக்கொண்டிருக்கும்போது அந்த 12,000 ரூபாயை விட்டுக்கொடுக்கும் வசதி எந்தக் குடும்பத்துக்கு இருக்கிறது? டாலர் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டது. ரூபாய் மட்டும் இலங்கையில் கைமாறியது. வங்கி வழியே வந்த வெளிநாட்டுத் தொழிலாளர் பணம் 2020இல் 710 கோடி டாலர், 2021இல் 550 கோடி டாலர். ஒரே ஆண்டில் 160 கோடி டாலர் வேறு வழியில் போய்விட்டது. எத்தனை மூட்டை மஞ்சளைத் தடுத்தால் அந்தப் பணம் திரும்பும்? பொருளை வாசலில் மறித்தவர்கள் பணம் கொல்லைப்புறமாக வெளியேறியதைத் தடுக்க வழியின்றி நின்றார்கள். இதில் அதிகம் அடிபட்டவர்கள் கடையில் நூறு கிராம் மஞ்சள்தூளுக்கு அலைந்த பெண்களும், உரம் கிடைக்காமல் வயலில் நின்ற விவசாயிகளும்தான். பிடிவாதமாகக் காத்த அந்த 200 அவர்களுக்கு எதையும் தரவில்லை.

2022 மார்ச் 7 அன்று மத்திய வங்கி ரூபாயின் பிடியைத் தளர்த்தியது. இரண்டு மாதத்தில் டாலர் 360ஐத் தொட்டது. இடையே ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியவில்லை என்று அரசு அறிவித்தது. காப்பதாகச் சொன்ன நாணயமும் காப்பாற்றப்படவில்லை, மிச்சப்படுவதாகச் சொன்ன டாலரும் இருக்கவில்லை. நெருக்கடிக்காகத் தற்காலிகமாகப் போட்ட கார் இறக்குமதித் தடையோ, ரூபாயை விட்ட பிறகும் நீடித்து, 2025 பிப்ரவரியில்தான் நீங்கியது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள்.