பாட்டுக்கு ஏறி இறங்கும் விளக்குத் தூண்

பாட்டு கேட்கிறப்போ கூடவே ஆடுற எல்இடி விளக்குத் தூண் செய்யணும்னு கேட்டியே தங்கம், தாராளமா செய். ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போட்டுடு. விளக்கு சரியா எரியலைன்னா எல்லாரும் ப்ரோக்ராமில்தான் தப்பு தேடுவாங்க. நான் பார்த்தவரைக்கும் தப்பு கரண்டில்தான் இருக்கும்.

கணக்கு இதுதான். டபிள்யூஎஸ் 2812பி ஸ்ட்ரிப்பில் ஒரு விளக்கு முழு வெள்ளையா எரிஞ்சா 60 மில்லி ஆம்ப் வரைக்கும் இழுக்கும். மீட்டருக்கு 60 விளக்கு இருக்கிற ஸ்ட்ரிப்பில் ஒன்றரை மீட்டர் எடுத்தா 90 விளக்கு, 5.4 ஆம்ப். அதனால 5 வோல்ட், 8 ஆம்ப் அடாப்டர் வாங்கு. முதல் தடவை நான் விளக்கை இயக்குற போர்டை போன் சார்ஜரில் சொருகி, அந்த போர்டிலிருந்தே ஸ்ட்ரிப்புக்கும் கரண்ட் எடுத்தேன். வெள்ளை போட்டதும் கடைசி விளக்குகள் செம்மஞ்சளா மங்கிடுச்சு, போர்டு அணைஞ்சு அணைஞ்சு எழுந்துச்சு. ஸ்ட்ரிப்போட ரெண்டு முனையிலும் அடாப்டர்லேர்ந்து தனி வயர் கொடுத்த பிறகுதான் சரியாச்சு. தகரப் பெட்டி மாதிரி திறந்த முனையோட வர்ற பவர் சப்ளை மலிவுதான், ஆனா 230 வோல்ட் வெளியில தெரியும். குழந்தைங்க ஓடுற வீட்டில் அது வேண்டவே வேண்டாம். மூடின அடாப்டர்தான்.

போர்டுக்கு ஈஎஸ்பி 32, மைக்குக்கு ஐஎன்எம்பி 441. போர்டு, ஸ்ட்ரிப், அடாப்டர் மூணோட கிரவுண்டையும் ஒண்ணா சேர்க்க மறக்காதே. சேர்க்கலைன்னா விளக்கு கண்டபடி மின்னும். ஸ்ட்ரிப்பில் அம்புக்குறி இருக்கும், டேட்டா அந்தத் திசையில்தான் போகும். டேட்டா வயரில் 330 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு போட்டு, வயரை ஒரு சாணுக்குள்ள வை. மைக்கோட எல்/ஆர் காலை கிரவுண்டில் வை. மைக்கில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், சத்தம் போற வழியே அதுதான். க்ளூ கன் பசையால அதை அடைச்சிடாதே.

இப்போ தூண். நீ பொறுமையா செய்ய வேண்டிய இடம் இது. 63 மில்லி மீட்டர் பிவிசி பைப்பில் 40 சென்டி மீட்டர் வெட்டி, கீழேர்ந்து மேல ஸ்ட்ரிப்பைச் சுத்து. ஒரு சுத்துக்கு 12 விளக்கு வரும், சுத்துக்குச் சுத்து 5 சென்டி மீட்டர் இடைவெளி விடு. அப்படியே பார்த்தா கண்ணு கூசும், புள்ளி புள்ளியா இருக்கும். விளக்குக்கும் விளக்குக்கும் உள்ள தூரத்தைவிட அதிகமா இடம் விட்டு மேல ஒரு திரை போட்டாதான் புள்ளியெல்லாம் கரைஞ்சு ஒரே ஒளியாகும். இங்கே 3 சென்டி மீட்டர் விடு. சன்போர்டில் 12 சென்டி மீட்டர் வட்டம் ரெண்டு வெட்டி மேலயும் கீழயும் மாட்டு. மேல் வட்டத்தில் சூடு போக நாலு ஓட்டை போடு. ஏ2 ட்ரேசிங் ஷீட்டோட 42 சென்டி மீட்டர் பக்கம் அந்த வட்டத்தைச் சுத்தி வந்து, ஒட்டவும் கொஞ்சம் மிஞ்சும். தாளைப் போர்த்தி முதல் தடவை எரிய விடுறப்போ அறை விளக்கை அணைச்சுட்டுப் பாரு. பாதி அழகு அந்தத் தாள்தான்.

ப்ரோக்ராம் எழுதத் தெரியலைன்னாலும் பரவாயில்லை. டபிள்யூஎல்இடி-ன்னு இலவச மென்பொருள் இருக்கு, பிரவுசர்லேர்ந்தே போர்டில் ஏத்திடலாம். ஆடியோ ரியாக்டிவ் இருக்கிற பதிப்பா பார்த்து எடு. கரண்ட் வரம்பை 4000 மில்லி ஆம்ப்னு வை. இசைக் குறி போட்ட எஃபெக்ட்தான் சத்தத்துக்கு ஆடும். அதில் கிராவிமீட்டர் போட்டா, சத்தம் கூடக் கூட ஒளி தூணில் சுத்திச் சுத்தி மேல ஏறும். சோதிக்க மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒண்ணு வை. தொப்பியோட கும்கி ஒரு மாதிரி, வலந்தலையோட சாப்பு ஒரு மாதிரி, ரெண்டும் பிரிஞ்சு தெரியும் வரைக்கும் எஃபெக்டை மாத்திப் பாரு. பளிச் பளிச்னு வெட்டுற எஃபெக்ட் மட்டும் வேண்டாம். வலிப்பு வர்றவங்களுக்கு அது ஆபத்து, விருந்தாளியில் யாருக்கு இருக்குன்னு நமக்குத் தெரியாது.

கடைசியா, பாட்டு இல்லாதப்போ தூண் இருட்டா இருக்கணும். ஸ்குவெல்ச்னு ஒரு அளவு இருக்கும், அதைக் கூட்டினா சின்னச் சத்தத்தை விட்டுடும். ஃபேனை ஓடவிட்டே அதைச் சரிபண்ணு. அமைதியான நேரத்தில் பண்ணினா, மறுநாள் ஃபேன் போட்டதும் தூண் விடாம எரியும்.