பழகுநர் உரிமத் தேர்வுக்கு ஆயத்தமாதல்: பாபநாசம் வட்டாரத்தாருக்கு ஒரு வழிகாட்டி

பொதுச் சாலையில் மோட்டார் வாகனம் ஓட்டும் எவரும் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. அந்த நிலையான உரிமத்தைப் பெறுவதற்கு முன், ஓட்டிப் பழகுவதற்கென்றே வழங்கப்படும் தற்காலிக உரிமம் பழகுநர் உரிமம் எனப்படுகிறது. ஊர் வழக்கில் அதை எல்.எல்.ஆர். என்பர். இதற்கு வாகனத்தை ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. சாலை விதிகளை விண்ணப்பதாரர் அறிந்திருக்கிறாரா என்பதை மட்டும் சோதிக்கும் ஓர் அறிவுத் தேர்வில் தேறினால் போதும். பலரும் இத்தேர்வை ஒரு சடங்காகக் கருதி, முந்தைய நாள் இரவில் விடைகளை உருப்போட்டுச் செல்கின்றனர். கேட்கப்படும் கேள்விகளோ பெரும்பாலும் சாலையில் உயிர் போகும் இடங்களைப் பற்றியவை என்பதால், ஒவ்வொரு விதிக்கும் உரிய காரணத்தை விளங்கிக்கொண்டு படிப்பதே தேர்வுக்கும் பின்னர் வண்டி ஓட்டுவதற்கும் பயன்படும் முறையாகும்.

முதற்படி, எந்த வகை வாகனத்துக்கு விண்ணப்பிப்பது என்பதைத் தீர்மானிப்பது. கியர் உள்ள இருசக்கர வாகனத்துக்கும், கார் முதலியவற்றைக் குறிக்கும் இலகு ரக மோட்டார் வாகனத்துக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16 வயது நிறைந்தவர், பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலோடு, இயந்திரத் திறன் 50 சி.சி.க்கு மிகாத இருசக்கர வாகனத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். இவ்விடத்தில் குடும்பங்கள் தவறிவிடுகின்றன. கியர் இல்லாத வண்டி எல்லாமே இச்சலுகைக்குள் அடங்கும் என்று எண்ணி, பள்ளிப் பிள்ளையிடம் ஸ்கூட்டரைக் கொடுத்துவிடுகின்றனர். ஆனால் வயல் வரப்பு முதல் கடைத்தெரு வரை எங்கும் ஓடும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 கூட ஏறத்தாழ 100 சி.சி. திறன் உடையது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால் காப்பாளருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம் என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது விண்ணப்பம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாரதி இணையதளத்தில் நேரடியாகவோ, இ-சேவை மையத்தின் வழியாகவோ விண்ணப்பிக்கலாம். உடல் தகுதி பற்றித் தாமே உறுதியளிக்கும் படிவம் 1 எல்லோருக்கும் உரியது. 40 வயதைக் கடந்தவர்களும் போக்குவரத்து வாகனத்துக்கு, அதாவது வாடகைக்கு ஓடும் வாகனத்துக்கு, விண்ணப்பிப்பவர்களும் மருத்துவர் கையொப்பமிட்ட படிவம் 1ஏ இணைக்க வேண்டும். மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமக் கட்டணம் ஒவ்வொரு வாகன வகைக்கும் 150 ரூபாய், தேர்வுக் கட்டணம் 50 ரூபாய். சேவைக் கட்டணம் தனி. முகவரியை நிரப்பும்போது ஒரு கவனம் வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்திலும் பாபநாசம் என்ற ஊர் உள்ளது, அது ஒரு வட்டத்தின் தலைமையிடமும் ஆகும். ஆதலால் திருநெல்வேலி மாவட்டம், அம்பாசமுத்திரம் வட்டம் என்பதைத் தேர்ந்த பின்னரே ஊர்ப் பெயரைக் குறிக்க வேண்டும்; விண்ணப்பம் வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டால் அதைத் திருத்த அலைய நேரிடும்.

படிப்பைத் தொடங்குபவர் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11ஆம் விதியைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது எனலாம். இத்தேர்வு எவற்றைச் சோதிக்க வேண்டும் என்பதை அவ்விதியே வரையறுத்துள்ளது: போக்குவரத்துக் குறியீடுகள், சைகைகள், சாலை விதிகள் ஆகியவை, விபத்து நேரும்போது ஓட்டுநரின் கடமைகள், ஆளில்லா ரயில்வே கடவையைக் கடக்கையில் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கைகள், வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள். கடைகளில் விற்கும் வினா-விடைப் புத்தகம் எவ்வளவு பருமனாக இருந்தாலும் அதன் உள்ளடக்கம் இந்நான்கின் விரிவே.

குறியீடுகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வதைவிட வடிவத்தைக் கொண்டு பிரித்துக்கொள்வது எளிது. வட்டம் கட்டளையைக் குறிக்கும், மீறினால் குற்றம். சிவப்பு விளிம்புள்ள வட்டங்களிற் பெரும்பாலானவை தடை செய்வன, நீல வட்டத்தில் வெள்ளை அம்பு இருப்பவை அத்திசையில்தான் செல்ல வேண்டும் எனக் கட்டாயப்படுத்துவன. முக்கோணம் எச்சரிக்கை செய்யும். செவ்வகம் தகவல் தரும். இவ்வொழுங்கிலிருந்து விலகிய இரண்டு உண்டு: ‘நில்’ என்பதற்கு எண்கோணமும், ‘வழிவிடு’ என்பதற்குத் தலைகீழ் முக்கோணமும் பயன்படுகின்றன. பலகையின் எழுத்து அழிந்துபோனாலும், எதிர்ப்புறத்திலிருந்து அதன் முதுகு மட்டும் தெரிந்தாலும் வடிவத்தாலேயே அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக இவ்விரண்டுக்கும் தனி வடிவம் அமைந்திருக்கிறது. தேர்வில் தடுமாற வைக்கும் இணைகளையும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நீலத்தின் மேல் ஒரே சிவப்புச் சாய்கோடு இருந்தால் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது என்று பொருள். இரண்டு கோடுகள் பெருக்கற்குறி போல் குறுக்கிட்டால் ஆளை ஏற்றி இறக்கும் நேரத்துக்குக்கூட நிற்கக் கூடாது. குறுகிய பாலத்துக்கும் குறுகிய சாலைக்கும் உரிய படங்களையும் பலர் மாற்றிச் சொல்கின்றனர்.

சாலை விதிகளைப் படிக்க இவ்வட்டாரத்தாருக்கு நல்ல களம் வாய்த்திருக்கிறது. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பாபநாசநாதர் கோயில் வழியாக மலையேறி, அகத்தியர் அருவியையும் காரையாறு அணையையும் நோக்கிச் செல்லும் சாலையைப் பேருந்திலோ, பெரியவர் ஓட்டும் வண்டியின் பின்னிருக்கையிலோ அமர்ந்து ஒரு முறை கவனித்துச் சென்றால், புத்தகத்தில் உள்ள விதிகளிற் பல கண்ணெதிரே நடப்பதைக் காணலாம். கோயிலின் முன் தாமிரபரணியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு சாலையைக் கடப்பவர்களில் முதியவர்களும் குழந்தைகளும் மிகுதி. நடைபாதைக் கடவையில் பாதசாரிக்கே முன்னுரிமை, வண்டி நிறுத்தக் கோட்டுக்கு முன்பே நிற்க வேண்டும் என்ற விதியின் தேவை அங்கே விளங்கும். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் திரளும் நாட்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

மலைப்பாதையில் இரண்டு வண்டிகள் ஒதுங்க இடமில்லாதபோது, இறங்கி வரும் வண்டிதான் மேலேறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை, அதுவும் சுமையேற்றிய வண்டியை, பின்னோக்கி உருளாமல் மீண்டும் கிளப்புவது கடினம் என்பதே காரணம். இறக்கத்தில் பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது சிலரது வழக்கமாக இருப்பினும் அது பேராபத்தானது. தாழ்ந்த கியரில் இறங்கும்போது இயந்திரமே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து அது சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. வளைவிலும் குறுகிய பாலத்திலும் எதிர்வருவது தெரியாத மேட்டிலும் முந்தக் கூடாது. முந்துவது முன் செல்லும் வண்டியின் வலப்புறமாகவே. சிக்னல் இல்லாத சந்திப்பில் முதன்மைச் சாலையில் வருபவருக்கும், இரண்டும் ஒத்த சாலைகளாயின் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கும் வழிவிட வேண்டும். இரவில் எதிரே வண்டி வந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்த வேண்டும். மினுக்கும் சிவப்பு விளக்கைக் கண்டால் முழுதாக நின்று பார்த்துச் செல்ல வேண்டும். மினுக்கும் மஞ்சளுக்கு வேகத்தைக் குறைத்தால் போதும்.

ரயில்வே கடவை பற்றிய கேள்வியைப் பலர் பழங்கதை என்று ஒதுக்கிவிடுகின்றனர். அகலப்பாதைகளில் ஆளில்லாக் கடவைகள் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டுவிட்டன. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வழியாகச் செல்லும் திருநெல்வேலி–தென்காசிப் பாதையும் அகலப்பாதையே. ஆயினும் விதி நடைமுறையில் இருப்பதால் கேள்வியும் இருக்கும். சட்டத்தின் 131ஆம் பிரிவு கூறும் முறை இது: வண்டியை நிறுத்தி, நடத்துநரோ உதவியாளரோ உடன் வந்த வேறொருவரோ தண்டவாளம் வரை நடந்து சென்று, இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்த பின் வண்டியை முன்நின்று வழிகாட்டிக் கடக்கச் செய்ய வேண்டும், வேறு ஆள் இல்லையெனில் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். ஹாரன் அடித்துவிட்டு விரைந்து கடப்பது என்ற விடை எந்த வடிவில் வந்தாலும் தவறு. குறியீட்டுப் பலகையில் வேலிக்கதவுப் படம் காவலுள்ள கடவையையும், ரயில் எஞ்சின் படம் காவலற்ற கடவையையும் குறிக்கும்.

விபத்துக் கடமைகளை 134ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது முதற்கடமை. பின்னர் காவல் நிலையத்தில் இயன்ற விரைவிலும், எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். உதவப் போனால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு உதவும் வழிப்போக்கருக்கு 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது என்பதைத் தேர்வுக்காக மட்டுமன்றி அறிந்துவைத்தல் நலம். ஆவணங்களைப் பொறுத்தவரை ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, புகைச் சான்று ஆகிய நான்கையும் நினைவிற் கொண்டால் போதும். டிஜிலாக்கரில் உள்ள மின்வடிவமும் செல்லும்.

இவ்வளவும் படித்தபின் சாரதி தளத்தின் மாதிரித் தேர்வைத் தமிழிலேயே எழுதிப் பார்க்க வேண்டும். தவறிய கேள்விகளைக் குறித்துவைத்து, அவை 11ஆம் விதி கூறும் நான்கு பகுதிகளில் எதைச் சார்ந்தவை என்று பிரித்தால் எப்பகுதியில் பலவீனம் என்பது தெரிந்துவிடும். தேர்ச்சிக்கு 60 விழுக்காடு விடைகள் சரியாக இருக்க வேண்டும், அதாவது 15 கேள்விகளாயின் 9. தேர்வன்று, சாலை என்பதா வாகனம் என்பதா, நிறுத்துதலா நிற்றலா என்று கேள்வியை முழுதும் படித்த பின்னரே விடையைத் தொட வேண்டும். ஐயம் வந்தால், விடைகளில் எது மற்றவருக்கு வழிவிடச் சொல்கிறதோ அதுவே பெரும்பாலும் சரி. தமக்காக வேறொருவரை விடையளிக்கச் செய்து உரிமம் பெறுபவர், விதி தெரியாமலேயே மலைச்சாலையில் பிறர் உயிருக்குப் பொறுப்பேற்கிறார். இதற்கு எந்த அவசரமும் நியாயமாகாது. தேறாவிடில் கட்டணம் செலுத்தி மீண்டும் எழுதலாம்.

தேறியவுடன் கிடைக்கும் உரிமம் 6 மாதங்களுக்குச் செல்லுபடியாகும். 30 நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்கு வர முடியும். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பின்புலத்தில் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும். பலகை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்கும், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்கும் குறையக் கூடாது. கார் பழகுபவரின் பக்கத்தில் உரிமம் பெற்ற ஒருவர், வண்டியை உடனே நிறுத்தக்கூடிய வகையில் அமர்ந்திருக்க வேண்டும். தொடக்க நாட்களில் காரையாறு ஏற்றத்தைத் தவிர்த்து, போக்குவரத்துக் குறைந்த சமவெளிச் சாலையில் அதிகாலையில் பழகுவதே உகந்தது.